தணிப்பு ஏழு

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். நான் சொன்னது ஆயிரமில்லை, நாலு லட்சத்துப் பதினோராயிரம். எண்ணினது நானில்லை, மெஷின். கலியாணமும் ஒரு பொடியனுக்கும் பெட்டைக்கும் இல்லை. இருபத்தாறு நாடுகளுக்கு.

என்ர பேர் கோசலா. ஐம்பது வயசு. பத்து வயசில அப்பா, அம்மா, தம்பியோட அகதியா ஜெர்மனிக்கு வந்தனான். வேலை மொழிபெயர்ப்பு. புத்தகம் மொழிபெயர்க்கிற வேலையில்லை. ஒருத்தர் மேடையில பேசப் பேச, கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்துகொண்டு மற்றவரின்ர காதில வேற பாஷையில சொல்லுற வேலை. இந்த வேலையில ஒரு வழக்கம் இருக்கு. பேசுறவர் 'நான் இதை ஏற்க மாட்டேன்' எண்டால் நாங்களும் 'நான் ஏற்க மாட்டேன்' எண்டுதான் சொல்லோணும். 'அவர் ஏற்க மாட்டாராம்' எண்டு சொன்னால் அடுத்த நாள் வேலை இல்லை. அப்பிடி இருபத்தைஞ்சு வருஷமா ஆர் ஆரின்ரையோ 'நான்' எல்லாத்தையும் நான் சொல்லியிருக்கிறன். என்ர நானை எங்கையோ வைச்சிட்டு மறந்துபோனன்.

ஆறு வருஷத்துக்கு முன்னம் ஜெர்மனியில ஆகன் நகரத்தில புதுப் பேரவை ஒண்டு கூடினது. ஐரோப்பாவின்ர இருபத்தாறு நாட்டுப் பிரதிநிதிகளும் ஒண்டா இருந்து ஒரு அரசியல் சட்டம் எழுதோணும். ஒரே அரசு, ஒரே ராணுவம், ஒரே வெளியுறவு. சட்டம் நிறைவேறினால் பழைய நாடுகள் எல்லாம் மாகாணங்கள் மாதிரி ஆயிடும். இது நடக்கவே நடக்காது எண்டு படிச்ச ஆக்கள் எல்லாரும் சொல்லிச்சினம். ஏனெண்டால் கிரேக்கத்துக்காரி வாசிக்கிற பேப்பரை ஃபின்லாந்துக்காரன் வாசிக்கிறதில்லை. ஒருத்தற்ற பகிடி மற்றவருக்கு விளங்கிறதில்லை. ஒழுங்காச் சண்டை பிடிக்கக்கூட ஒரு பொதுப் பாஷை இல்லாத சனம் எப்பிடி ஒரு நாடாகிறது?

அதுக்குத்தான் தூதன் வந்தான். தூதன் எண்டது மெஷின். காதுக்குள்ள வைக்கிற சின்னப் பொறி. வெளிச் சத்தத்தை முழுசா அடைச்சுப்போட்டு, பேசுறவரின்ர அதே குரலில, உங்கட பாஷையில சொல்லும். கூட்டுக்குள்ள இருந்த மொழிபெயர்ப்பாளர் எல்லாரும் வீட்டுக்குப் போச்சினம். என்னை மட்டும் தொனிப் பிரிவுக்குத் தலைவியாப் போட்டிச்சினம். தூதன்ர குரல் சரியா இருக்குதோ, கெட்ட வார்த்தை கிட்ட வார்த்தை போகுதோ எண்டு பார்க்கிற வேலை. அதுக்கு 'தணிப்பு' எண்டு ஒரு அளவு வைச்சிருந்தம். சைபரில இருந்து பத்து வரைக்கும். பேரவை எங்களுக்கு அனுமதிச்சது ரெண்டு. தூஷணத்தை மட்டும் வடிக்கிற அளவு.

பேரவைக்கு இருபத்துமூண்டு பாஷை. நான் கள்ளமா இருபத்துநாலாவது ஒண்டு சேர்த்தன், தமிழ். பரிசோதனைக்கு எண்டு எழுதிப்போட்டு அம்மாவுக்குக் குடுத்தன். அவா ஹம் நகரத்தில தனிய இருக்கிறா. நாப்பது வருஷமா ஜெர்மனியில இருந்தும், கடையில சாமான் வாங்கிற அளவுக்குத்தான் பாஷை தெரியும். இப்ப காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் ரீவியில ஐரோப்பாவின்ர அரசியலைத் தமிழில கேட்டுக்கொண்டிருப்பா. ஐரோப்பாவில எங்கட பேரவையை ஒரு நாளும் தவறவிடாத ஒரே குடிமகள் அவாதான்.

வெள்ளிக்கிழமை கடைசி வாக்கெடுப்பு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா போன் எடுத்தா.

"பிள்ளை, அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படம் பிடிச்சு அனுப்பினன். பார்த்தனியோ?"

காலமையே பார்த்திட்டன். ரெண்டு பக்கம். கணையத்தில கட்டி. ஈரலுக்கும் பரவியிருக்கு. வெட்டேலாது. மாதக் கணக்குத்தான்.

"பார்த்தனான் அம்மா. ஒண்டுமில்லை. வாயுக் கோளாறாம். குளிசை தருவினமாம்."

யோசிச்சுச் சொன்ன பொய்யில்லை. வாய் தன்ரபாட்டில சொல்லிச்சுது. அவ்வளவு பழக்கம்.

"வாயுவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறாங்களோ? வேலையில்லாத ஆக்கள்தான்." அம்மா கதையை மாத்தினா. "அது கிடக்கட்டும். இண்டைக்கு உங்கட பேரவை பார்த்தனான். அந்தக் கிழங்குக்காரன் பேசினவன்."

கிழங்குக்காரன் எண்டு அம்மா சொல்லுறது யான் எண்ட பெல்ஜியப் பிரதிநிதியை. ஃபிளாண்டர்ஸில உருளைக்கிழங்குத் தோட்டம் செய்யிற மனுசன். அவருக்குப் பக்கத்துக் கதிரையில இருக்கிற எலெனி தெசலோனிக்கியில மருந்துக்கடை வைச்சிருக்கிறவா. அம்மாவுக்கு அவா 'மருந்துக்கடைக்காரி'. பேரவையில இவை ரெண்டு பேற்ற சிநேகிதம் ஐரோப்பா முழுக்கப் பேர்போனது. சேர்ந்திருந்து ராணுவச் சட்டப்பிரிவையே எழுதினவை. சுவரொட்டியில கூட இவையின்ர படம்தான்.

"நல்லாப் பேசினவரோ?" எண்டு கேட்டன்.

"என்ன நல்லா? கழுத்து நரம்பு புடைக்க, மேசையில அடிச்சு அடிச்சுக் கத்துறான். ரீவியில தமிழ் வருது, 'என் மதிப்பிற்குரிய தோழியின் கவலையை ஆழமாக உணர்கிறேன்' எண்டு. ஆழமா உணர்ந்தவன் மேசையில ஏன் அடிக்கிறான்?"

"அது ஆர்வத்தில அம்மா."

"எனக்குப் பாஷை தெரியாதுதான். கண்ணுமோ தெரியாது?" அம்மா சிரிச்சா. "கோசலா, அது உன்ர கதையெல்லோ. டொக்டர் அரை மணித்தியாலம் கதைப்பார், நீ ரெண்டு வசனத்தில முடிப்பாய். அந்த ரெண்டும் கேக்க வடிவா இருக்கும். உந்த மெஷின் உன்னட்டைப் படிச்சது போல கிடக்கு."

வேலை கிடக்கெண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சன்.

வெளிநாட்டுக்கு வந்த எங்கட குடும்பங்களில பிள்ளையள்தான் மொழிபெயர்ப்பு. பத்து வயசில இருந்து எனக்கு அதுதான் வேலை. வெளிநாட்டவருக்கு விசா குடுக்கிற கந்தோரில இருக்கிறவன், 'இவையெல்லாம் ஏன் இஞ்சை வருகினம்' எண்டு சொல்லுவான். நான் அப்பாவிட்டை, 'அடுத்த மாதம் வரட்டாம்' எண்டு சொல்லுவன். அப்பா, 'உந்த விசரனுக்கு அறிவில்லையோ' எண்டு கேப்பார். நான் அவனிட்டை, 'அப்பா நன்றி சொல்லுறார்' எண்டு சொல்லுவன். ரெண்டு பேரும் கை குடுத்துக்கொண்டு பிரிவினம். நான் விட்டிட்டு வந்த நாட்டில ஒருத்தர் சொல்லுறது மற்றவைக்கு விளங்காமல்தான் சனம் சாகுதெண்டு அப்ப நான் நினைச்சன். பிறகுதான் தெரிஞ்சது, நல்லா விளங்கிக்கொண்டும் சனம் சண்டை பிடிக்கும். அப்ப ஆரோ ஒருத்தர் நடுவில நிண்டு கொஞ்சம் சீனி போடத்தானே வேணும்? அப்பிடித்தான் என்ர மனதுக்கு நியாயம் சொன்னன்.

போனை வைச்ச உடன தூதன்ர பதிவை எடுத்தன். ஒரு காதில யான் பேசின ஃபிளெமிஷ், மற்றக் காதில தமிழ்.

யான் உண்மையில சொன்னது இது: "கிரேக்க எல்லையைக் காக்க என்ர பேரனை அனுப்பச் சொல்லுறா. இவையள் குடுத்த வாக்கைக் காப்பாத்தின நாள் எனக்கு ஞாபகமில்லை. இந்த மனிசி சிரிக்கேக்க ஒரு சொல்லையும் நான் நம்பிறதில்லை."

அதுக்கு எலெனி சொன்ன பதில்: "உங்களுக்கு எங்கட கடல் லீவில வந்து குளிக்கிற தண்ணி. அதில சாகிறது எங்கட பொடியள். உம்மட கிழங்குக்குள்ளயே கிடவும்." தூதன் சொன்னது: 'நம் இரு பகுதிகளின் அனுபவங்களும் வேறுபட்டவை என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.'

அளவைப் பார்த்தன். தணிப்பு ஏழில நிண்டது.

தூதனைக் கட்டின பொறியியலாளர் தாவியைக் கூப்பிட்டன். எஸ்தோனியாக்காரர், ஒரு நாளும் சத்தம் போட்டுக் கதைக்காத மனுசன். நாங்கள் ரெண்டு பேரும் ஜெர்மன் பாஷையில கதைக்கிறது.

"இது உங்களுக்குத் தெரியுமோ?"

தாவி என்ர மேசை விளிம்பில இருந்தார். "ரெண்டாம் வருஷத்தில இருந்து தெரியும்."

"ஆர் ஏழுக்கு ஏத்தினது?"

"ஒருத்தரும் ஏத்தேல்ல. அது தானா ஏறினது. தூதனுக்கு நாங்கள் ஒரேயொரு இலக்குத்தான் குடுத்தனாங்கள், கூட்டம் குழம்பக் கூடாது. படிக்கிறதுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரின்ர பழைய பதிவு தேவைப்பட்டது. ஆற்ற கூட்டத்தில ஆக்கள் எழும்பிப் போனது குறைவெண்டு தேடினம்." அவர் என்னைப் பார்த்தார். "பதினாலு வருஷத்தில உங்கட கூட்டத்தில ஒருத்தர்கூட எழும்பிப் போகேல்ல, கோசலா. உங்கட பதிவைத்தான் குடுத்தம்."

அம்மா சொன்னது அச்சொட்டாச் சரி. ஒரு இன்ஜினியரிங்கும் படிக்காத மனிசி.

"எத்தினை வசனம் மாறியிருக்கு?"

"நாலு லட்சத்துப் பதினோராயிரம்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்ல?"

"உங்கட காதிலயும்தானே தமிழ் ஓடினது. ஒரு நாளாவது மூலத்தைப் போட்டுக் கேட்டனீங்களோ?"

உண்மைதான். அந்தத் தமிழ் எனக்கும் இனிப்பாத்தான் இருந்தது. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தனோ எண்டு இப்பவும் எனக்கு வடிவாத் தெரியாது.

"வாக்கெடுப்புக்கு முதல் சைபருக்குக் கொண்டுவரோணும், தாவி. ஆரோட சேரப் போறம் எண்டு தெரியாமல் போடுறது ஒரு வாக்கோ?"

தாவிக்கு முதல்தரமாக் குரல் உயர்ந்தது. "என்ர மகன் காரெலுக்குப் பத்தொன்பது வயசு. எல்லைக் காவலில நிக்கிறான். எங்கட நாட்டுச் சனம் எல்லாத்தையும் சேர்த்தாலும் ஒரு பெரிய நகரம் வராது. எல்லைக்கு அங்காலை நிக்கிற எதிரி எவ்வளவு பெரியவன் எண்டு உங்களுக்குத் தெரியும். காரெல் தனிய நிக்கட்டோ, இருபத்தாறு நாட்டுப் பொடியளோட நிக்கட்டோ? பொய்யில கட்டினாலும் வீடு வீடுதான். முதல் குடிபோவம். பேந்து ஆறுதலா உண்மையைக் கதைப்பம்."

"குடிபோனாப் பிறகு சுவருக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியவந்தால்?"

"அப்ப எல்லாரும் உள்ளுக்கு இருப்பினம்."

அவர் சொன்னதில நியாயம் இல்லையெண்டு நான் சொல்ல மாட்டன். பிள்ளையைப் பெத்தவர்.

புதன்கிழமை பின்னேரம் ரயில் எடுத்து ஹம்முக்குப் போனன். கடிதத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிறதெண்டுதான் போனது. அம்மா குசினியில இருந்து கறிக்கு லீக்ஸ் அரிஞ்சுகொண்டிருந்தா. மெலிஞ்சுபோனா. நான் கதிரையில இருந்து பத்து நிமிஷமா வானிலையைப் பற்றிக் கதைச்சன்.

"மெஷின் என்னட்டைத்தான் படிச்சதாம்" எண்டு கடைசியில சொன்னன். "நீங்கள் சொன்னது சரி."

"பின்னை? என்ர பிள்ளையின்ர பொய் எனக்குத் தெரியாதே?"

"அப்பாவின்ர விஷயத்திலயும் தெரியுமோ?"

கத்தி நிண்டுது.

எனக்கு இருபத்துமூண்டு வயசில அப்பாவுக்கு நுரையீரலில புற்றுநோய் வந்தது. டொக்டர் நாலு மாதம் எண்டார். நான் அப்பாவிட்டை, 'சளி கட்டியிருக்காம், மருந்தில கரையுமாம்' எண்டு சொன்னன். தம்பி வாகீசன் அப்ப ரொட்டர்டாமில படிச்சுக்கொண்டிருந்தவன். சோதனை நேரம் எண்டு அவனுக்கும் சொல்லேல்ல. மூண்டரை மாதத்தில அப்பா போயிட்டார். செத்தவீட்டில தம்பி எல்லாருக்கும் முன்னால அம்மாவைக் கேட்டான், "உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் எனக்குச் சொல்லேல்ல?" அம்மா, "ஓம், எனக்குத் தெரியும்" எண்டா. என்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொல்லுறா எண்டு நினைச்சும், பக்கத்தில நிண்ட நான் வாயே திறக்கேல்ல. அண்டையில இருந்து இருபத்தேழு வருஷமா அவன் அம்மாவோட நேரா ஒரு வார்த்தை கதைக்கிறதில்லை. எல்லாக் கதையும் என்னூடாகத்தான் போய்வரும். அவன், "மனிசி உயிரோட இருக்குதோ?" எண்டு கேப்பான். நான் அம்மாவிட்டை, "தம்பி உங்கட சுகம் கேட்டவன்" எண்டு சொல்லுவன். அம்மா, "அவன்ர கதையை எடுக்காதை" எண்டு சொல்லுவா. நான் அவனிட்டை, "அம்மா உன்னை நினைச்சுக்கொண்டிருக்கிறா" எண்டு சொல்லுவன்.

அம்மா கத்தியைக் கீழ வைச்சா.

"உன்ர கொப்பருக்கும் தெரியும், பிள்ளை."

"என்னது?"

"டொக்டரின்ர முகத்தைப் பார்த்த உடன தெரிஞ்சிட்டுது. பஸ்ஸில வரேக்க என்ர காதுக்குள்ள சொன்னவர், 'பிள்ளை கஷ்டப்பட்டு நல்லதாச் சொல்லுது, நாங்கள் அதைக் கெடுக்கக் கூடாது' எண்டு."

"அப்ப ஏன்..."

"ஏனெண்டால், நீ எங்களுக்காகச் சொன்ன பொய்யை நாங்கள் உனக்காக நம்பினனாங்கள். அவ்வளவுதான்." அம்மா லீக்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "ஆனா ஒண்டு. அந்த மனுசனுக்கு அழுறதுக்கு ஒரு இடமில்லாமல் போச்சு. குளியலறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுவார். நான் வெளியில நிண்டு கேட்டுக்கொண்டு நிப்பன். கதவைத் தட்டினால் அவர் அழுறது எனக்குக் கேக்குதெண்டு அவருக்குத் தெரிஞ்சிடும். மூண்டரை மாதம் அப்பிடி. ஒரு வீட்டுக்குள்ள மூண்டு பேர், மூண்டு பேரும் தனிய."

நான் மேசையில தலையை வைச்சு அழுதன். அம்மா தலையைத் தடவினா. கடிதத்தைப் பற்றி அவா கேக்கேல்ல. நானும் சொல்லேல்ல. துணிவு வரேல்ல, வேற காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலமை பத்து மணி. மண்டபம் நிறைஞ்சிருந்தது. வெளியில இளம் பிள்ளையள் கொடியோட நிண்டு பாடிக்கொண்டிருந்தினம். அதைப் பார்க்கேக்க நினைச்சன். இந்தப் பிள்ளையளுக்கு ஒரு நாடு கிடைக்கப் போகுது, அதை நான் கெடுக்கப் போறன் எண்டு.

மண்டபத்துக்கு மேல கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கிற என்ர மேசைக்கு வந்து தணிப்பை ஏழில இருந்து சைபருக்கு இழுத்தன். தாவி பக்கத்திலதான் நிண்டார். தடுத்திருக்கலாம். தடுக்கேல்ல. முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். பிறகு நான் பொது ஒலிவாங்கியைத் திறந்தன். இருபத்துமூண்டு பாஷையிலயும் எல்லாரின்ர காதுக்கும் போற வாய்க்கால் அது.

"வணக்கம். நான் கோசலா. மொழிபெயர்ப்பாளர்."

அந்த 'நான்' எனக்கே புதுசா இருந்தது.

"ஆறு வருஷமா நீங்கள் கேட்டது நீங்கள் பேசினதில்லை. நீங்கள் ஏசினதை மெஷின் பாராட்டாக்கினது. சந்தேகத்தைக் கவலையாக்கினது. அப்பிடிச் செய்யச் சொல்லி ஒருத்தரும் கட்டளை போடேல்ல. அது என்னைப் பார்த்துப் பழகினது. எல்லாப் பதிவும் இப்ப உங்கட திரையில இருக்கு. வாக்குப் போட முதல் ஒருக்கா ஒருத்தரை ஒருத்தர் கேளுங்கோ. கேட்டாப் பிறகும் சேர விருப்பமெண்டால் சேருங்கோ. அவ்வளவுதான்."

எல்லாரும் குனிஞ்சு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தினம். முதல்ல எழும்பினது யான். பெரிய உடம்பு. கையில காதுப்பொறி. எலெனியைப் பார்க்கேல்ல, மேல கண்ணாடிக்குள்ள நிண்ட என்னைத்தான் பார்த்தார்.

"மூண்டு வருஷத்துக்கு முன்னம் என்ர மனிசி செத்தவா. அண்டைக்கு எலெனி என்னட்டை வந்து, 'உங்கள் துயரில் முழுமையாகப் பங்குகொள்கிறேன்' எண்டு சொன்னவா. அதுக்குப் பிறகுதான் நான் இவாவோட ஒண்டா இருந்து சாப்பிடத் தொடங்கினன். அதுவும் மெஷின் சொன்னதோ?"

எலெனி எழும்பினா. அவான்ர முகம் வெளிறிப்போய் இருந்தது.

"நான் அண்டைக்குச் சொன்னது வேற" எண்டா. "எனக்கு நல்ல ஞாபகம். 'எனக்கு உம்மைப் பிடிக்காது. என்ன சொல்லுறதெண்டும் தெரியேல்ல. ஆனா இண்டைக்கு நீர் சேர்ட்டுப் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர். வீட்டில பார்த்துச் சொல்ல ஒருத்தர் இல்லை எண்டு நினைக்க எனக்கு வயித்தைப் பிசையுது.' அதுதான் நான் சொன்னது."

யான் நிண்டார். கை தன்ரபாட்டில சேர்ட்டுப் பொத்தானைத் தொட்டுது.

"அதை நான் அண்டைக்கே கேட்டிருக்கோணும்" எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டார்.

இதோட எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதினம், ஐரோப்பா ஒண்டாச்சுது எண்டு சொன்னால் நான் திரும்பவும் தணிப்பைக் கூட்டினதாகத்தான் போகும். அப்பிடி நடக்கேல்ல. அரை மணித்தியாலத்தில மண்டபம் மீன்சந்தை ஆயிட்டுது. ஆறு வருஷத்துப் பேச்சு முழுக்க ஒரே நாளில அவிழ்ந்து விழுந்தது. தாத்தா காலத்துப் போர், பக்கத்து நாட்டுக்காரன் செய்த துரோகம், ஒருத்தரும் மறக்கேல்ல. ஒன்பது நாட்டுப் பிரதிநிதிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியில போச்சினம். வாக்கெடுப்பைத் தள்ளி வைச்சாச்சு, திகதி சொல்லேல்ல. பின்னேரம் என்னை வேலையில இருந்து நிப்பாட்டின கடிதம் வந்தது. ரீவியில என்ர படத்தைப் போட்டு, ஐரோப்பாவை உடைச்ச பெண் எண்டிச்சினம்.

தாவி தன்ர கோட்டை மாட்டிக்கொண்டு என்னட்டை வந்தார். "காரெலுக்கு என்ன சொல்லுறதெண்டு நீங்களே சொல்லுங்கோ" எண்டார். மறுமொழிக்கு நிக்கேல்ல. அது எனக்கு இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள கிடக்கு. அந்தப் பொடியனுக்கு ஏதும் நடந்தால் அதில என்ர பங்கும் இருக்கு. இல்லையெண்டு நான் சொல்ல மாட்டன்.

கட்டடத்தை விட்டு வெளியில வரேக்க ஒண்டு பார்த்தன். சாப்பாட்டுக்கூடத்தில யானும் எலெனியும் காதுப்பொறியைக் கழட்டி மேசையில வைச்சிட்டு, ரெண்டு பேருக்கும் அரைகுறையாத் தெரிஞ்ச இங்கிலீசில சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தினம். அவர் மேசையில அடிச்சார். அவா அதைவிடப் பலமா அடிச்சா. ரெண்டு பேருக்கும் கோப்பி ஆறிப்போச்சு. ஒருத்தரும் எழும்பிப் போகேல்ல.

சனிக்கிழமை காலமை அம்மா வீட்டுக்குப் போனன். ரீவியில நேற்றையான் கூத்துத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, தமிழில, தணிப்பு இல்லாமல்.

"என்ன ஏச்சு ஏசுறாங்கள்!" எண்டு அம்மா வாயில கை வைச்சுக்கொண்டு சிரிச்சா. "சட்டியில இருக்கிறதுதானே அகப்பையில வரும். இப்பத்தான் பாராளுமன்றம் மாதிரிக் கிடக்கு." பிறகு ரீவியை நிப்பாட்டினா. அலுமாரியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து என்ர மடியில வைச்சா.

"வாசி" எண்டா.

"அம்மா..."

"வெள்ளைக்காரருக்கெல்லாம் உள்ளதைச் சொன்னனி. எனக்கும் சொல்லு. ரெண்டு பக்கமும் எனக்கு வேணும். ரெண்டு வசனம் வேண்டாம்."

நான் வாசிச்சன். ஒரு சொல்லையும் விடேல்ல. கட்டி எத்தினை சென்ரிமீற்றர், எங்கை பரவியிருக்கு, என்ன செய்யலாம், என்ன செய்யேலாது. கடைசி வசனத்தில நிப்பாட்டி, திரும்பவும் அதையே வாசிச்சன். அம்மா கையைக் கட்டிக்கொண்டு, பாடம் கேக்கிற பிள்ளை மாதிரி முழுக்கக் கேட்டா. பிறகு கண்ணாடியைக் கழட்டிப்போட்டு அழுதா. நானும் அழுதன். தண்ணிப் பைப் ஒண்டும் திறக்கேல்ல, கதவும் பூட்டேல்ல.

முகத்தைத் துடைச்ச உடன, "தம்பிக்குப் போன் போடு" எண்டா.

சத்தமாக் கேக்கிற மாதிரிப் போட்டு மேசையில வைச்சன். "அக்கா? என்ன, ரீவியில உன்ர படம்..."

"தம்பி, முதல்ல ஒண்டு சொல்லோணும். அப்பாவின்ர நோயை மறைச்சது அம்மா இல்லை. நான். அம்மா எனக்காகப் பழியை ஏத்துக்கொண்டவா."

பிறகு வந்தது பாருங்கோ. இருபத்தேழு வருஷத்துக் கோபம். "உனக்கு என்ன உரிமை? நீ என்ன கடவுளோ? நான் அப்பாவைப் பெட்டிக்குள்ளதான் பார்த்தனான். எத்தினை தரம் உன்னட்டை வந்து அழுதனான், அப்பவும் வாயை மூடிக்கொண்டு இருந்தனியே!" அவன் சொன்னது எல்லாம் சரிதானே.

"டேய்!" அம்மா போனுக்குக் கிட்டக் குனிஞ்சா. "போதும் நிப்பாட்டு. அவளுக்கு அப்ப இருபத்துமூண்டு வயசு. நீ என்ன பெரிய நியாயவாதி? இருபத்தேழு வருஷமாப் பெத்த தாயோட கதைக்காத உனக்கு வாய் வேறையோ?"

"நீங்கள் ஏன் அண்டைக்கு உண்மையைச் சொல்லேல்ல?"

"நீ கேட்ட மாதிரிக்கு ஆர் சொல்லுவினம்? செத்தவீட்டில, நாலு பேருக்கு முன்னால?"

"பின்னை எங்கை வைச்சுக் கேக்கிறது? நீங்கள் எப்பவாவது..."

"என்ன நான் எப்பவாவது? ஒரு நாளாவது போன் எடுத்தனியோ? கொக்காவை அனுப்பிச் சுகம் கேக்கிறது ஒரு சுகம் கேக்கிறதோ? அவள் சொல்லுறதெல்லாம் பொய்யெண்டு எனக்குத் தெரியாதோ?"

"எனக்கும்தான் தெரியும்! நீங்கள் என்னை நினைச்சுக்கொண்டிருக்கிறியளாம்!"

"நினைச்சுக்கொண்டுதான்டா இருந்தனான், எருமை!"

அந்தச் சண்டையில நான் சொல்ல ஒண்டுமே இருக்கேல்ல. ஒருத்தர் சொல்லுறதை மற்றவருக்கு மாத்திச் சொல்ல ஒரு ஆள் அங்கை தேவைப்படேல்ல. ரெண்டு பேருக்கும் நல்லாத் தமிழ் தெரியும். நான் எழும்பிக் குசினிக்குள்ள போனன். பின்னால சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இடையில ஒருக்கா தம்பி, "என்ன கடிதம்? ஆற்ற கடிதம்?" எண்டு கேட்டது கேட்டுது. அம்மா கடிதத்தில இருந்ததைச் சொன்னா. பிறகு அம்மா சொன்னா, "நீ பிறகு அழு. முதல்ல வெளிக்கிட்டு வா. உனக்கு ஏச இன்னும் கனக்கக் கிடக்கு."

நான் கேத்திலைப் போட்டு மூண்டு கோப்பையில தேத்தண்ணிக்குச் சீனி போட்டன். மூண்டாவது ஆள் ரொட்டர்டாமில இருக்கிறான் எண்டது தண்ணி கொதிச்சாப் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.